சட்டை செய்தல்

காரைக்குடியில் யாராவது "ஜாக்கெட் தைக்கப் போறேன்" என்று சொன்னால், "லைனிங் வச்சா, சாதாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். தமிழ்நாட்டில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. தையல்கடை போர்டில் எழுதியிருப்பது அது. கல்யாண வீட்டில் கடைசி நேரத்தில் தேடுவதும் அதுதான். கொல்லிமலைக்கோ மேகமலைக்கோ நடக்கப் போகிறவர் போடும் ஜிப் வைத்த மேலுடுப்புக்கு நம்மிடம் தனிப் பெயர் இல்லை. அதையும் ஜாக்கெட் என்று சொல்லிவிட்டு, "இல்லைங்க, இது வேற" என்று விளக்க வேண்டியிருக்கிறது.

இந்த "வேற" ஜாக்கெட்டைக் கடையில் வாங்காமல் தாங்களே தைத்துக்கொள்பவர்கள் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் விரும்பி எடுப்பது சாஃப்ட்ஷெல் எனப்படும் துணி. வெளிப்பக்கம் நெருக்கமாக நெய்த நைலான் அல்லது பாலியஸ்டர். கொஞ்சம் இழுபட்டுக் கொடுப்பதற்காக ஸ்பாண்டெக்ஸ் இழை. உட்பக்கம் மெத்தென்ற ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர் உருண்டோட ஒரு பூச்சு. அடைமழையை இது தாங்காது. ஆனால் தூறலை உதறும், காற்றைத் தடுக்கும், ஏற்றத்தில் நடக்கும்போது உள்ளே ஊறும் வியர்வையை ஆவியாக வெளியே விடும். துணி மூச்சு விடுகிறது என்று சொல்வது இதைத்தான்.

தைப்பதும் பெரிய வித்தை இல்லை. 80 அல்லது 90 எண் ஊசி. பருத்தி நூல் ஈரத்தை இழுக்கும் என்பதால் பாலியஸ்டர் நூல். துணி இழுபடும் என்பதால் நேர்த்தையலுக்குப் பதில் லேசான ஸிக்ஸாக். குண்டூசி மட்டும் குத்தக் கூடாது. குத்திய ஓட்டை அப்படியே நிற்கும், அதன் வழியாகத் தண்ணீர் இறங்கும். கிளிப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும். வெட்டிய ஓரம் சுலபத்தில் பிரியாததால் ஓவர்லாக் கட்டாயமில்லை.

சரி, வெயில் கொளுத்தும் செட்டிநாட்டில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இந்தக் கதை? வெளியில் நிற்கிற உடம்பை வெயில், காற்று, மழையிலிருந்து காக்கத் தைத்த ஒன்றை மேலே போட்டுக்கொள்வது — இந்த உடுப்பின் வேலை அவ்வளவுதான். இதே மண்ணில், இன்னும் நூறு வருஷம்கூட நிறையவில்லை, அந்தச் சின்ன விஷயம் ஒரு பகுதி மக்களுக்குத் தடை செய்யப்பட்டிருந்தது. ஆவணத்தில் பதிவான தடை அது. அங்கே போவதற்கு முன்னால், தைத்த துணிக்கும் நமக்கும் உள்ள பழைய உறவைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மெய்க்கு ஒரு பை

தைத்த உடையே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதான் என்று பலரும் சாதாரணமாகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் முல்லைப்பாட்டில், கார்காலத்துப் பாசறையில் அரசனின் கூடாரத்தைக் காக்கும் யவனர்கள் "மெய்ப்பை" அணிந்திருக்கிறார்கள். மெய்யை நுழைக்கும் பை. தமிழில் ஜாக்கெட்டுக்குக் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களில் இதுவும் ஒன்றாக இருக்கும். சிலப்பதிகாரத்தின் புகார் நகர வீதிகளில் துன்னகாரர்கள் இருக்கிறார்கள். துன்னம் என்றால் தையல். ஆக, வெட்டித் தைக்கும் தொழில் இங்கே ரொம்பப் பழசு.

ஆனாலும் பெரும்பாலானோர் உடுத்தியது வெட்டாத துணியைத்தான். இந்தத் தட்பவெப்பத்தில் அதில் புத்திசாலித்தனம் இருக்கிறது. வேட்டிக்கும் துண்டுக்கும் சேலைக்கும் அளவு கிடையாது. துண்டு வியர்வை துடைக்கும், தலைப்பாகை ஆகும், சுமை தூக்கும்போது சும்மாடு ஆகும். சேலை பழசானால் தூளி ஆகும். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற காரைக்குடி கண்டாங்கிச் சேலை, கட்டமும் கோடுமாக அழுத்தமான நிறத்தில் நெய்த பருத்தி. அழுக்குக்கும் வெயிலுக்கும் அஞ்சாத அன்றாட உடுப்பாகத்தான் அது பெயர் வாங்கியது.

மழைக்கு என்ன செய்தார்கள்? கொங்காணி போட்டார்கள். கொங்காடை என்றும் சொல்வதுண்டு. சாக்கின் ஒரு மூலையை எதிர் மூலைக்குள் தள்ளினால் ஒரு கூம்பு கிடைக்கும்; அதைத் தலையில் கவிழ்த்தால் மீதிச் சாக்கு முதுகில் தொங்கும். பனையோலையில் முடைந்த கொங்காணியும் உண்டு. குனிந்து நாற்று நடுகிறவருக்கு நனைவது முதுகுதான், அதை இது மூடுகிறது. முன்பக்கம் திறந்திருப்பதால் உள்ளே புழுங்குவதில்லை.

இதை லேசாக நினைக்க வேண்டாம். 1823-இல் ஸ்காட்லாந்தின் சார்லஸ் மக்கின்டாஷ் இரண்டு துணிகளுக்கு நடுவே ரப்பர் பூசி மழைக்கோட்டுக்கு வழிசெய்தார். தண்ணீர் உள்ளே வரவில்லை. வியர்வையும் வெளியே போகவில்லை. 1879-இல் தாமஸ் பர்பரி இழையை நெருக்கி நெய்த காபர்டீன் துணியைக் கொண்டுவந்தார். 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் ஒரு பிளாஸ்டிக்கைச் சட்டென்று இழுத்துப் பார்த்தபோது, நீர்த்துளி நுழைய முடியாத, ஆவி நுழையக்கூடிய நுண்துளைப் படலம் கிடைத்தது. கோர்டெக்ஸ் அதிலிருந்து வந்தது. சாஃப்ட்ஷெல் இந்த வரிசையில் கடைக்குட்டி. ஒன்றரை நூற்றாண்டாக இவர்கள் தேடியது ஒரே விஷயம்: தண்ணீர் உள்ளே வரக்கூடாது, வியர்வை வெளியே போகணும். சாக்கை மடித்தவர் முன்பக்கத்தைத் திறந்து விட்டு அதை ஓரளவுக்குத் தீர்த்திருந்தார்.

ஆனால் ஒன்று. கொங்காணி போட்டவர்களில் எத்தனை பேர் விரும்பிப் போட்டார்கள், எத்தனை பேர் வேறு எதுவும் போட விடப்படாததால் போட்டார்கள்?

வீட்டுக்கு உள்ளே, வீட்டுக்கு வெளியே

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்கள் பர்மா தேக்குத் தூணையும் ஆத்தங்குடித் தரையையும் பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த வீடுகளின் இன்னொரு திறமை வெயிலையும் மழையையும் கையாள்வது. தடித்த சுவர், சுண்ணாம்புப் பூச்சு, ஓட்டுக்கூரை, நடுவில் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வீடே ஒரு சட்டை மாதிரி.

பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார்கள் பணத்தோடு பொருள்களையும் நாகரிகங்களையும் கொண்டுவந்தார்கள். 1919-இல் பாரதியார் கானாடுகாத்தானுக்கும் காரைக்குடிக்கும் வந்தார். கையில் தடியோடு, கோட்டும் தலைப்பாகையுமாக இருக்கிற அவருடைய புகழ்பெற்ற படம் காரைக்குடியில் எடுத்தது. அழைத்தவர்கள் இந்து மதாபிமான சங்கத்தார். கையில் காசு இல்லாத ஒரு கவிஞரின் உடம்பில் அந்தக் கோட்டு ஒரு கம்பீரத்தைக் கொடுத்தது. கோட்டுக்கு அந்தக் காலத்தில் அவ்வளவு அர்த்தம் இருந்தது.

1927 செப்டம்பரில் கதர் நிதிக்காகக் காந்தி செட்டிநாட்டில் சுற்றினார். மாளிகைகளில் குவிந்திருந்த வெளிநாட்டு மேஜை நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, இதற்கு நடுவே உட்காரவும் மூச்சு விடவும் இடமில்லையே என்று மேடையிலேயே சொன்னார். அதே காந்தி 1924-இல் ஒரு உரையாடலில் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விலக்குக் கொடுத்திருந்தார். கேள்வி கேட்டவர் ஜி. ராமச்சந்திரன், பிற்காலத்தில் சௌந்திரத்தோடு சேர்ந்து திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தை உருவாக்கியவர். இயந்திரங்களை எதிர்க்கும் நீங்கள் எதையாவது ஏற்பீர்களா என்பது கேள்வி. சிங்கர் தையல் இயந்திரத்தைச் சொன்னார் காந்தி: கையால் தைத்துத் தைத்து அலுத்துப்போன மனைவிமேல் இருந்த அன்பினால் ஒருவன் கண்டுபிடித்தது அது என்று. 1851-இல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கரின் நிஜ வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் இந்தக் காதல் கதை நிற்காது. பல பெண்களோடு பல குடும்பங்கள் வைத்திருந்தவர் அவர். ஆனால் காந்தி சொன்னதன் சாரம் நிற்கும். தனி மனிதரின் கைக்குள் அடங்குகிற, அவருடைய உழைப்பைக் குறைக்கிற இயந்திரம் அது.

இவ்வளவும் வீட்டுக்கு உள்ளே, மேடைக்கு மேலே. வயலில் நின்றவர்களின் கதை வேறு.

எட்டு, பிறகு பதினொன்று

அன்றைக்குச் சிவகங்கை தனி மாவட்டம் இல்லை. காரைக்குடி, தேவகோட்டை எல்லாம் இராமநாதபுரம் ஜில்லா. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன், பிறகு 1946-இல் வெளியான இந்தியச் சாதி அமைப்பு பற்றிய தன் நூலில், அந்த ஜில்லாவில் நடந்த ஒன்றைப் பதிவு செய்கிறார். 1930 டிசம்பரில் அங்கே நிலமும் ஆதிக்கமும் கொண்டிருந்தவர்கள் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். கள்ளர் என்று ஹட்டன் குறிக்கிறார்; நாட்டார் என்பது அந்த வட்டாரத்து வழக்கு.

எட்டில் பாதிக்கு மேல் உடம்பின் மேல் போடுவதைப் பற்றியவை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடக் கூடாது. பெண்கள் ரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. தங்கம், வெள்ளி நகை கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. தலைமுடியைக் கத்தரிக்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. எட்டாவது: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியமும் உடைமைகளும் அழிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளை போயின என்றும் ஹட்டன் எழுதுகிறார்.

இந்தப் பட்டியலை ஒரு தையல்காரர் கண்ணோடு படித்துப் பாருங்கள். இடுப்புக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரு முழம் துணி. மற்றபடி தலையிலிருந்து பாதம் வரை எல்லாம் திறந்தே இருக்க வேண்டும். கோட்டு, சட்டை, பனியன் என்று மூன்றையும் தனித்தனியாகப் பெயர் சொல்லியிருக்கிறார்கள் பாருங்கள். மூன்றையும் மக்கள் போட ஆரம்பித்திருந்தார்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. யாரும் செய்யாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. திருப்பூரில் பனியன் தொழில் கால் ஊன்றத் தொடங்கியதே 1920-களின் நடுவில்தான். சில வருஷங்களுக்குள் பனியன் இராமநாதபுரத்துத் தடைப் பட்டியலில் ஏறிவிட்டது. இதில் ஒரு வினோதமும் உண்டு: பனியன் என்ற சொல்லே பனியா என்ற வணிகச் சாதிப் பெயரிலிருந்து ஐரோப்பியர் வாய் வழியாக உலகம் சுற்றி நம்மிடம் வந்தது.

மாதத்தைக் கவனியுங்கள்: 1930 டிசம்பர். அதே மாதத்தில் லண்டனில் முதல் வட்டமேஜை மாநாடு நடந்துகொண்டிருந்தது. ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதிகளாக அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் அம்பேத்கரும் நம் இரட்டைமலை சீனிவாசனும். இரண்டு பேருமே கோட்டுப் போட்டவர்கள். அங்கே இவர்கள் கோட்டோடு பேசிக்கொண்டிருந்தபோது, இங்கே இவர்களுடைய மக்கள் கோட்டுப் போடக் கூடாது என்று பேசி முடிவாகிக்கொண்டிருந்தது.

தடைகள் சரியாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. அதாவது, மக்கள் கேட்கவில்லை. அதனால் 1931 ஜூனில் மறுபடி கூடிப் பதினொரு தடைகள் போட்டார்கள். இந்த முறை தேவேந்திரகுல வேளாளர் பெயரும் சேர்ந்தது. உடையிலிருந்து நிலத்துக்கும் படிப்புக்கும் தடை நீண்டது. பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. மிராசுதாரர் மாடுகளைத்தான் மேய்க்க வேண்டும். வாரத்துக்கோ குத்தகைக்கோ நிலம் உழக் கூடாது. காலை 7 மணியிலிருந்து மாலை 6 மணி வரை கூலி வேலை; ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா.

பதினொரு மணி நேரம். மேலே துணியில்லாமல், குடையில்லாமல், செருப்பில்லாமல். உலகத்தில் யாருக்காவது வெளிப்புற உடுப்பு தேவைப்பட்டிருந்தால் அது இவர்களுக்குத்தான்.

அந்த இரண்டாவது பட்டியலில் இன்னொரு விதி. பெண்கள் தண்ணீர்க் குடம் சுமக்கும்போது தலையில் வைக்கும் சும்மாடு வைக்கோலில்தான் இருக்க வேண்டும். துணியில் இருக்கக் கூடாது. ஒரு கந்தல் துணியைச் சுருட்டி மண்டைக்கும் மண்குடத்துக்கும் நடுவே வைப்பதைக்கூட யாரோ யோசித்து, கூடிப் பேசித் தடுத்திருக்கிறார்கள்.

1934 ஜனவரியில் ஹரிஜன யாத்திரையாகக் காந்தி தேவகோட்டைக்கு வந்தார். முன்பு மேஜை நாற்காலிகளைப் பற்றிப் பேசிய அதே வட்டாரத்தில், இந்த முறை நாட்டார்கள் நடத்தும் விதத்தைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

அனுமதிக்கப்பட்ட தையல்

இது இராமநாதபுரத்தின் தனிக் கதை என்று நினைத்துவிடக் கூடாது. இன்னும் தெற்கே, இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், சுமார் நூறு வருஷம் முந்தியே இதே சண்டை நடந்திருக்கிறது. தோள்சீலைப் போராட்டம் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது. 1810-களில் ரெசிடென்ட் மன்றோ, கிறிஸ்தவர்களான பெண்களுக்குக் குப்பாயம் போட அனுமதி கொடுத்தார். குப்பாயம் என்பது தைத்த சட்டை. அந்தக் காலத்து ஜாக்கெட். பெண்கள் அதோடு நிற்காமல் தோளில் சீலையும் போட்டார்கள். அடிதடி, தீவைப்பு, வழக்கு என்று பல பத்தாண்டு ஓடியது. 1859 ஜூலை 26 அன்று அரசர் பிரகடனம் செய்தார்: நாடார் பெண்கள் எல்லோரும் குப்பாயம் போடலாம், முரட்டுத் துணி சுற்றலாம்; ஆனால் உயர்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி மட்டும் உடுத்தக் கூடாது.

வெற்றிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தக் கடைசி நிபந்தனையைப் பாருங்கள். தைத்துக்கொள், பேட்டர்ன் நாங்கள் கொடுப்போம் என்கிறது அது. துணி எது, வெட்டு எது, எவ்வளவு மூடலாம் என்பதை உடம்புக்குச் சொந்தக்காரர் முடிவு செய்யவில்லை.

இலங்கை மலைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் கதையும் இதோடு சேரும். இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து போனவர்கள் நிறையப் பேர். செட்டிநாட்டுச் செம்மண்ணில் நடந்து பழகிய உடம்பு, மலையின் பனியிலும் மழையிலும் நின்று முதலில் கோப்பியும் பிறகு கொழுந்தும் பறித்தது. அவர்களுக்குத் தலையில் போட்டுக்கொள்ளக் கம்பளி கொடுத்தார்கள். தோட்டத்துத் துரைமார் அதைக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். இடுப்பில் சாக்கை, படங்கை இறுக்கிக் கட்டினார்கள். இன்றைக்கு நாம் ஆசைப்பட்டுத் தைக்கும் ஜாக்கெட்டின் வேலையை, ஊறினால் கனக்கும் அந்தக் கம்பளிதான் செய்தது.

அளவு எடுப்பது

இந்தத் தடைகள் ஒரே நாளில் உடையவில்லை. கடல் கடந்து போய்த் திரும்பியவர்கள் சட்டையோடு ஊருக்குள் இறங்கினார்கள். பட்டாளத்துக்குப் போனவர்கள் சீருடையோடு வந்தார்கள். சுயமரியாதை இயக்கத்தின் மூன்றாவது மாகாண மாநாடு 1931-இல் இதே ஜில்லாவின் விருதுநகரில் கூடியது. பள்ளிக்கூடம் வந்தது, பள்ளிச் சீருடை வந்தது.

தையல் இயந்திரமும் வந்தது. ஏழைப் பெண்களுக்குத் தமிழக அரசு இலவசத் தையல் இயந்திரம் கொடுக்கும் திட்டத்துக்கு யார் பெயர் தெரியுமா? சத்தியவாணி முத்து. 1967-இல் அண்ணா அமைச்சரவையில் இருந்த தலித் தலைவர். ரவிக்கை கூடாது என்று ஒரு ஊர்க் கூட்டம் முடிவு செய்த அதே மாவட்டங்களில், அவர் பெயரிலான திட்டத்தில் கிடைத்த இயந்திரத்தில் பெண்கள் ரவிக்கை தைத்துச் சம்பாதிக்கிறார்கள். அந்தத் திட்டத்தின் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆறாவது தடை ஞாபகம் வரும்.

கதை முடிந்துவிட்டதா? 2001-02-இல் இந்தியாவின் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமை பற்றி ஓர் ஆய்வு நடந்தது. 2006-இல் புத்தகமாக வந்தது. தண்ணீர், கோயில், டீக்கடை, சலூன் என்று நாம் எதிர்பார்க்கிற இடங்களோடு தையல்கடையும் அதில் வருகிறது. தலித்துகளுக்குத் தைக்க மாட்டேன் என்று எல்லாத் தையல்காரரும் சொல்வதில்லை. தைப்பார்கள், அளவு எடுக்க மாட்டார்கள். அளவு எடுக்கத் தொட வேண்டும். டேப் மார்பைச் சுற்றி வர வேண்டும், விரல் தோள்பட்டையில் பட வேண்டும். அதனால், பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போ என்பார்கள்.

தமிழில் சட்டை என்ற சொல்லுக்கு வேடிக்கையான புழக்கம் உண்டு. பாம்பு உரிப்பது சட்டை. நாம் போடுவதும் சட்டை. ஒருவரை மதித்துக் காது கொடுப்பதைச் "சட்டை செய்வது" என்கிறோம். "அவன் யாரையும் சட்டை பண்ண மாட்டான்" என்று திட்டுகிறோம். தனக்கென்று ஒரு சட்டையைத் தானே செய்துகொள்கிறவர் வேறு வழியில்லாமல் இரண்டு பொருளிலும் அதைச் செய்கிறார்.

சாஃப்ட்ஷெல்லுக்குத் திரும்பினால், அதைத் தைக்கச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் முதலில் ஊசியைப் பற்றியோ துணியைப் பற்றியோ பேசுவதில்லை. டேப்பை எடுக்கச் சொல்கிறார்கள். மார்புச் சுற்றளவு, தோளிலிருந்து மணிக்கட்டு வரை, பின்கழுத்திலிருந்து இடுப்பு வரை. கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பாருங்கள், இடுப்பு வெளியே தெரிகிறதா? தெரிந்தால் இரண்டு அங்குலம் கூட வையுங்கள். மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள், சாதாரணமாக விடுங்கள், அப்போதுதான் அளவு சரியாக வரும். உள்ளே ஒரு பனியனும் சட்டையும் போடுவதற்கு இடம் விட்டு அளவெடுங்கள்.